இசைப்பிரியா காணொளி: பெயர் தெரியாத உடலும் கைக்கு எட்டாத ஒளிபரப்புகளும்

இலங்கை உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களில் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட ஒரு கைபேசிக் காணொளியை, பிரித்தானியாவின் சேனல் 4 செய்திப் பிரிவு 2009 ஆகஸ்ட் 25 அன்று ஒளிபரப்பியது. ஆடை களையப்பட்டுக் கட்டிவைக்கப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படுவது அதில் இருந்தது. அன்று ஒளிபரப்பானது முழுப் பதிவு அல்ல. அதே பதிவின் நீண்ட வடிவம் 2010 நவம்பர் இறுதியில் வெளிவந்தபோதுதான், கேமரா அங்கேயே நிற்காமல் நகர்ந்து பெண்களின் உடல்களையும் காட்டியிருந்தது உலகுக்குத் தெரிந்தது. பெயரில்லாமல் கிடந்த அந்த உடல்களில் ஒன்று சில நாட்களுக்குள் அடையாளம் காணப்பட்டது. அவர் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பாளராகவும் நிகழ்ச்சித் தொகுப்பாளராகவும் இருந்த இசைப்பிரியா. இயற்பெயர் சோபா.

அடையாளம் காட்டியவர்கள்

கைரேகையோ மரபணுச் சோதனையோ கொண்டு இந்த அடையாளம் நிறுவப்படவில்லை. அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களும் பழகியவர்களுமே முகத்தைக் கண்டு பெயரைச் சொன்னார்கள். வன்னியிலிருந்து இயங்கிய தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி 2005இல் செயற்கைக்கோள் வழி ஒளிபரப்பைத் தொடங்கியது. இலங்கை அரசின் முறையீட்டைத் தொடர்ந்து 2007 ஏப்ரலில் இன்டெல்சாட் நிறுவனம் தன் செயற்கைக்கோள் வழியான ஒளிபரப்பை நிறுத்தியது. ஆக வெளிநாட்டுத் தமிழ் வீடுகளில் அந்த அலைவரிசை அந்தச் செயற்கைக்கோள் வழியே தெரிந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் பதிந்த முகம் ஒரு சடலத்துக்குப் பெயர் கொடுக்கப் போதுமானதாக இருந்தது. காப்பகம் செய்ய வேண்டிய வேலையைப் பார்வையாளர்களின் நினைவு செய்தது என்பதே இந்த வழக்கின் மையம். இதைப் பற்றிய பெரும்பாலான எழுத்துகள் இதைக் கடந்து போய்விடுகின்றன.

வெட்டப்பட்ட பகுதி

2009 ஒளிபரப்புக்கும் 2010 ஒளிபரப்புக்கும் இடையே பதினைந்து மாதங்கள். அந்தக் காலம் முழுவதும் பேசப்பட்டது ஒரே கேள்வி: காணொளி உண்மையா, போலியா? போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடய நோயியல், சுடுகலன், காணொளிப் பகுப்பாய்வு ஆகிய துறைகளின் வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என 2010 ஜனவரியில் அறிவித்தார். நீண்ட வடிவத்தைப் பற்றி அவருக்குப் பின் வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸும் 2011இல் அதே முடிவைத்தான் சொன்னார். இவை தேவையான ஆய்வுகள். ஆனால் துப்பாக்கி எப்படி உதைத்தது, இரத்தம் எப்படி ஓடியது என்று சட்டகம் சட்டகமாகப் பார்த்த விவாதத்தில், கொல்லப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. ஆண்களின் உடல்களுக்கு இசைப்பிரியாவுக்குக் கிடைத்த அளவு கவனம் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர்களில் யாரும் செய்தி வாசித்தவர்கள் அல்ல என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்வது கடினம்.

இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் பட்டியலில் இசைப்பிரியா விடுதலைப் புலிகளின் லெப்டினன்ட் கேணல் என்றும், 2009 மே 18 அன்று 53ஆம் படைப்பிரிவால் கொல்லப்பட்டவர் என்றும் பதிவாகியிருந்தது. அதாவது களத்தில் மாண்டவர். கேலம் மக்ரேயின் 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படக் குழுவுக்குக் கிடைத்து, 2013 நவம்பர் தொடக்கத்தில் சேனல் 4 வெளியிட்ட மற்றொரு காணொளி இந்தப் பதிவோடு பொருந்தவில்லை. அதில் அவர் உயிரோடு பிடிபட்டு, நீரும் சேறுமான இடத்திலிருந்து படையினரால் அழைத்துவரப்படுகிறார். வெள்ளைத் துணி ஒன்றால் அவரைப் போர்த்துகிறார்கள். அவரைப் பிரபாகரனின் மகள் என்று ஒரு குரல் சொல்கிறது.

காட்சியின் பயணம்

சேனல் 4 உடலை மங்கலாக்கிக் காட்டியது. தமிழ்ச் சூழலில் அந்த அளவு தயக்கம் இருக்கவில்லை. சுவரொட்டிகளிலும் இணையத்திலும் அந்தப் படம் மீண்டும் மீண்டும் அச்சாகிப் பகிரப்பட்டது. கோபத்தைத் திரட்ட அது உதவியது உண்மை. ஆனால் கொன்றவர்கள் வெற்றிச் சின்னமாக எடுத்த படத்தையே அஞ்சலிப் படமாகப் பயன்படுத்துவதில் உள்ள முரணை அன்று கேட்டவர்கள் குறைவு. ஏலகிரி மலையைத் தாண்டி ஆம்பூர்ப் பக்கம் போனால் மின்னூரிலும் சின்னப்பள்ளிக்குப்பத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அத்தகைய முகாம்களின் வாசலில் அந்தச் சுவரொட்டி ஒட்டப்படுவதும், தேர்தல் கூட்ட மேடைக்குப் பின்னால் ஒட்டப்படுவதும் ஒன்றல்ல. ஒட்டியவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

இந்தியத் தணிக்கை வாரியம் 'நோ ஃபயர் சோன்' படத்துக்கும், இசைப்பிரியாவின் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்ட 'போர்க்களத்தில் ஒரு பூ' என்ற தமிழ்த் திரைப்படத்துக்கும் சான்றிதழ் மறுத்தது. முதலாவது மறுப்பு அரசியல் தயக்கம், கண்டிக்கத்தக்கது. இரண்டாவதில் விஷயம் அவ்வளவு எளிதல்ல. அந்தப் படத்துக்கு எதிராக அவருடைய குடும்பத்தினரே நீதிமன்றம் சென்றனர். தடை என்றதும் படைப்புரிமை பேசியவர்கள், இறந்தவரின் தாய்க்கு உள்ள உரிமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கைக்கு எட்டாதவை

இசைப்பிரியாவின் உடலைக் காட்டும் காட்சியை எவரும் சில நொடிகளில் தேடி எடுத்துவிடலாம். அவர் தொகுத்த நிகழ்ச்சிகளில் கிடைப்பவை சிதறிய துண்டுகள். பெரும்பாலும் ஒளிபரப்புத் தேதியோ தலைப்போ இல்லாதவை, நினைவேந்தல் காணொளிகளுக்குள் இசை சேர்த்து ஒட்டப்பட்டவை. எந்த நாள், எந்த நிகழ்ச்சி, உடன் பணியாற்றியவர்கள் யார் என்று பார்க்கும் வகையில் அவை தொகுக்கப்படவில்லை.

அந்தத் தொலைக்காட்சி விடுதலைப் புலிகளின் பிரச்சாரக் கருவி என்பதில் ஐயமில்லை. இயக்கத்துக்கு உவக்காததை அது காட்டவில்லை. கட்டாய ஆட்சேர்ப்பு நடந்த ஊர்களிலிருந்து அது பற்றி அதன் செய்தியில் கேட்டிருக்க முடியாது. அதைத் தொகுக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு செய்தி வாசிப்பாளரின் பணியை மதிப்பிட அவர் வாசித்த செய்தி வேண்டும், அதில் விடுபட்ட செய்தியும் தெரிய வேண்டும். அது இல்லாத இடத்தில் ஒரு தரப்பு அவரைத் தெய்வமாக்குகிறது, மறுதரப்பு ஒரு படைப் பதவியாகச் சுருக்குகிறது. இரண்டுக்கும் அவருடைய வேலை தேவைப்படுவதில்லை.

இலங்கை அரசே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, சேனல் 4 காணொளி பற்றிச் சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று 2011இல் பரிந்துரைத்தது. வழக்கு நடத்துவோருக்கு அந்தப் பதிவுகள் வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டியவை, புலம்பெயர்ந்த வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடிய பழைய ஒளிநாடாக்களும் குறுந்தட்டுகளும்.

தொழிலால் குரலாக இருந்தவர் இசைப்பிரியா. 2013 காணொளியில் படையினர் அவரைப் பிரபாகரனின் மகள் என்றபோது, அது தான் இல்லை என்று தமிழில் மறுக்கிறார். அவருடைய மொழி தெரியாத உலகம் கேட்ட அவரது குரல் அது ஒன்றுதான்.