தோன்றா எழுவாய்

குறிஞ்சிக்குரிய நீர் எது? எம்.ஏ. தமிழ்த் தேர்வில் 'அருவி நீர், சுனை நீர்' என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்த நீரை யார் மொண்டார், யார் சுமந்தார் என்று எந்த வினாத்தாளும் என்னைக் கேட்டதில்லை. நீலகிரியைப் பற்றியும் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியும் நம்மிடம் இருக்கிற பிரதிகளை, அதாவது நாவலையும் சட்டத்தையும் அரசுத் திட்டத்தையும், ஒன்றாக வைத்து வாசித்துப் பாருங்கள். அதே பழக்கம் தொடர்வது தெரியும். தண்ணீர் வருகிறது, கக்கூஸ் சுத்தமாகிறது. யாரால்? இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். சாதிச் சமூகத்தில் அந்த எழுவாய் தானாக மறைவதில்லை. மறைக்கப்படுகிறது.

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) படகர் வாழ்வு மாறிவந்ததை அக்கறையோடு சொன்ன நாவல். ஆனால் அது நிலம் உடையவர்களின் மலை. கொழுந்து பறிக்க வந்த கூலியின் லைன் அதன் மையமல்ல. அந்த நாவல்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. லைனை வேறு யார் எழுதினார்கள் என்பதே என் கேள்வி.

எழுதியவர் பி.எச். டேனியல். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர், சங்கம் கட்டியவர். தென்மாவட்டத் தலித்துகள் மலையேறி நோயில் சாவதை 1969இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று அது தமிழுக்கு வந்தது 2007இல். யாருடைய கதையோ, அவர்கள் மொழிக்கு வர 38 வருஷம்! 2013இல் பாலா அதை வைத்து 'பரதேசி' எடுத்தார். நாவலில் கூலிக்காக நிற்கிற மருத்துவர், படத்தில் மதம் பரப்பும் கேலிச் சித்திரமாகிறார். படம் பார்த்து அழுதோம். தண்ணிக்கும் கக்கூசுக்கும் முதலாளி செலவழித்திருந்தால் லைனில் எத்தனை சாவு தடுத்திருக்கலாம் என்ற கணக்கு அந்த அழுகையில் கரைந்துபோனது.

அடுத்து சட்டம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் இலக்கியம்போல வாசிக்க வேண்டும். 'போதுமான' குடிநீர், 'வசதியான' இடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், அது 'சுத்தமாக' இருக்க வேண்டும். எல்லாம் நல்ல சொற்கள். போதும் என்று சொல்வது யார்? கங்காணியா, கொழுந்து எடுக்கிற பொம்பளையா? சரிவில் நாள் முழுக்க நிற்கிறவளுக்குத் தேயிலைச் செடிதான் மறைப்பு. "தண்ணி குடிச்சா ஒதுங்கணுமே" என்று குடிக்காமலே இருந்துவிடுகிறாள். நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் அப்படித்தான் வருகின்றன. சட்டத்தில் 'சுத்தமாக' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறவர் துப்புரவுத் தொழிலாளி. அவருடைய சாதி நமக்குத் தெரியும், சட்டத்துக்குத் தெரியாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993 வரை ஆனது. மறுவாழ்வையும் சேர்த்துச் சொல்ல 2013 வரை.

1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. அப்படிக் கண்டியிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுதான் இன்றைய டான்டீ. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறியவர்களில் பெரும்பகுதி நம் சனங்கள். அங்கே பீலிக்கரையில் வரிசை, இங்கே குழாயடியில் வரிசை. கடல் தாண்டியும் குடம் இடுப்பைவிட்டு இறங்கவில்லை.

இப்போது திட்டங்கள். 2014இல் தூய்மை இந்தியா, 2019இல் ஜல் ஜீவன். ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர் என்கிறார்கள். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, கட்டாயம் வரட்டும். ஆனால் அவை எண்ணுவது கக்கூஸை, குழாயை. கூடலூர் மழையில் நிலத்தடி நீர் ஏறினால் மலக்குழி நிரம்பும், கசிவு சரிவில் இறங்கிக் கீழே இருக்கும் ஊற்றில் சேரும். மேலே அடித்த உரமும் களைக்கொல்லியும் அதே வழியில் வரும். நிரம்பிய குழியைக் காலி செய்ய ஆள் கூப்பிடுவார்கள். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார்? லைன் வீடோ தொழிலாளிக்குச் சொந்தமில்லை. கக்கூஸ் கட்டித் தாருங்கள் என்று கேட்கப் பட்டா இல்லை. பஞ்சாயத்து கம்பெனியைக் காட்டும், கம்பெனி பஞ்சாயத்தைக் காட்டும்.

அதே 2019இல் பிளாஸ்டிக் பாட்டிலைத் தடுத்து, சுற்றுலாப் பயணிகளுக்காகக் குடிநீர் ஏ.டி.எம். வைத்தார்கள். நல்ல வேலைதான். காசு போட்டால் சுத்தமான தண்ணீர். மலைக்கு இரண்டு நாள் வருகிறவருக்கு முடிந்தது, மூன்று தலைமுறையாக லைனில் இருக்கிறவருக்கு ஏன் முடியவில்லை? இது தொழில்நுட்பக் குறையா?

1927 மார்ச் 20இல் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தியது தாகத்துக்காக அல்ல. தண்ணீரில் தீண்டாதவரை எழுவாயாக நிறுத்தினார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படம் நம் காலத்தில் அந்த வேலையைச் செய்தது. அள்ளுகிறவர் முகத்தோடும் குரலோடும் பேசினார். அதனால்தான் திரையிடலைத் தடுத்தார்கள், இயக்குநர்மேல் வழக்குப் போட்டார்கள்.

நீலகிரிக்கு அப்படியொரு பிரதி வேண்டும். லைனில் பிறந்த பிள்ளைகள் உதகை, கூடலூர் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பனியையும் குறிஞ்சிப் பூவையும் பாட ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நீங்கள் இதை எழுதுங்கள்: குழாயிலிருந்து உங்கள் வாசலுக்கு எத்தனை அடி, அம்மா ஒருநாளில் எத்தனை நடை நடக்கிறார், ஆடி மழையில் யார் வீட்டுக் குழி முதலில் நிரம்புகிறது, அதை அள்ள யாரைக் கூப்பிடுகிறார்கள், அவருக்குக் கூலி எவ்வளவு. பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். பிழை திருத்த வேண்டிய இடம் உங்கள் மொழியில் இல்லை.