இம்புட்டுப் பாடுபட்டுத் திங்கணுமா?

1

போன சித்திரையில் கான்சாபுரம் வீட்டில் மெக்ஸிகோ சாப்பாடு செய்தேன். ஊரைத் தெரியாதவர்களுக்கு: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வத்திராயிருப்புக்கு அருகில், மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. 2025ல் ரீல்ஸ் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பிரபலமானதே கூமாபட்டி, அது எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தப் புகழில் எங்களுக்குப் பங்கு எதுவும் வரவில்லை.

செய்தது இரண்டு அயிட்டம். ஒன்று தோர்த்தியா, மக்காச்சோள ரொட்டி. இன்னொன்று மோலே, பல வகை வத்தலையும் எள்ளையும் கொட்டைகளையும் வறுத்து அரைத்துக் கொதிக்கவிடும் குழம்பு. ரொட்டிக்கு முழுச் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் தோலைக் கழுவி உரித்து அரைக்க வேண்டும். சோளம் மாமா காட்டில் விளைந்தது, கோழித் தீவனத்துக்குப் போகிற ரகம். சுண்ணாம்பு, அம்மாச்சியின் வெத்தலைப் பெட்டியில் எடுத்தது. அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன்.

அம்மாச்சி திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோழி திங்கிறத திங்கப்போறியாக்கும். அதுக்குச் சுண்ணாம்பு வேற. ஏன்டா, இம்புட்டுப் பாடுபட்டுத் திங்கணுமா?"

அன்றைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, வட்டார உணவைப் பற்றி நான் வாசித்த பல கட்டுரைகள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்று தோன்றியது. பாடுபடுவது நல்லது என்று முடிவு செய்துவிட்டுத்தான் அவை முதல் வரியையே எழுதுகின்றன.

2

முதலில் சுண்ணாம்புக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அந்த வேலைக்கு அங்கே நிக்ஸ்தமால் என்று பெயர். ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம். சுண்ணாம்பு தோலைக் கழற்றுகிறது, மாவு ஒட்டிக்கொண்டு வர உதவுகிறது, தனி மணம் தருகிறது. இதெல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவது. தெரியாத வேலை ஒன்று இருக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருந்தாலும் உடம்பால் எடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது.

ஐரோப்பியர் சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். சோளத்தை மட்டுமே தின்று பிழைத்த வட இத்தாலியின் ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, புத்தி பேதலித்தது. பெலாக்ரா என்று அந்த நோய்க்குப் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அதே கதை. கிருமிதான் காரணம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, 1914ல் ஆராய்ச்சியில் இறங்கிய ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் அது சாப்பாட்டுக் குறைபாடு என்று காட்டினார். சோளத்தை மெக்ஸிகோக்காரி செய்கிற மாதிரி செய்து தின்றிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருப்பார்கள்.

ஆக, 'எதுக்கு வெட்டி வேலை' என்று தோன்றுகிற ஒரு மெனக்கெடலுக்குள் ஒரு சமூகத்தின் அறிவு உட்கார்ந்திருக்கலாம். பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டு வந்தால் அந்த அறிவு கூட வராது.

நமக்கும் இப்படி ஒன்று வந்தது, மிளகாய். போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் இங்கே வந்தபோது அதன் சமையல் வரவில்லை. நாம் நம் சொந்த மெனக்கெடலைக் கண்டுபிடித்தோம். மோரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்து, திரும்ப மோரில் போட்டு, திரும்பக் காயவைத்து மோர் மிளகாய் போடுகிறோமே, அது எந்த மெக்ஸிகோ புத்தகத்தைப் பார்த்து வந்ததும் இல்லை. குண்டு வத்தலா நீட்டு வத்தலா என்று விருதுநகர் பக்கம் சண்டை போடுமளவுக்கு நாக்கு தேறிவிட்டது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

ஆனால் மோலே செய்தபோது ஒன்று புரிந்தது. அவர்களுக்கு வத்தல் என்பது காரம் மட்டும் இல்லை. ஆஞ்சோ, முலாத்தோ, பஸியா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கிறார்கள். ஒன்றில் உலர்திராட்சை இனிப்பு, ஒன்றில் புகையிலை வாடை, ஒன்றில் கருப்பு நிறம். காரம் கம்மி என்பதால் கை நிறைய அள்ளிப் போடலாம். நான் அதே அளவுக்கு நம்மூர் வத்தலை அள்ளிப் போட்டேன். என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு வீட்டில் பால் தீர்ந்துபோனது.

3

இந்தக் கூத்துக்கு என்னைத் தூண்டியவர் டயானா கென்னடி. 1923ல் இங்கிலாந்தில் பிறந்து, 1957ல் மெக்ஸிகோ போய், 2022ல் அங்கேயே இறந்த எழுத்தாளர். 1972ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தின் பெயர் 'தி குஸீன்ஸ் ஆஃப் மெக்ஸிகோ'. மெக்ஸிகோவின் சமையல்கள். அந்தப் பன்மைதான் புத்தகத்தின் வாதமே. சீஸ் கொட்டிய நாச்சோஸைத்தான் மெக்ஸிகோ என்று அமெரிக்கா நம்பிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே ஒரு சமையல் இல்லை, வஹாகாவுக்கு ஒன்று, யுகத்தானுக்கு ஒன்று, மிச்சோவகானுக்கு ஒன்று என்று ஊர் ஊராகப் பிரித்துக் காட்டினார். யுனெஸ்கோ 2010ல் மெக்ஸிகோவின் பாரம்பரியச் சமையலை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அவர் பஸ் பிடித்துக் கிராமம் கிராமமாக அலையத் தொடங்கிவிட்டார்.

அதே 1923ல் நம் கரிசலில், இடைசெவலில் பிறந்தவர் கி.ரா. அவரும் அலைந்து சேகரித்தவர்தான். 1982ல் வந்த அவருடைய கரிசல் வட்டார வழக்கு அகராதி, எழுதத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட சொற்களின் களஞ்சியம். இருவரையும் ஒரே மூச்சில் நினைக்கத் தோன்றுவதற்குக் காரணம் பிறந்த வருஷம் மட்டும் இல்லை. வட்டாரம் என்பதை 'கொறஞ்ச சரக்கு' என்று பார்த்த கண்ணுக்கு எதிராக இருவரும் வேலை செய்தார்கள்.

கென்னடியிடம் எனக்கு மிகவும் பிடித்தது, செய்முறையைச் சொல்லிக்கொடுத்த பெண்களின் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார் என்பது. நம் சமையல் எழுத்தில் 'நம்ம பாட்டிமார்கள்' என்று ஒரு மொத்தக் கூட்டம்தான் இருக்கிறது. பெயர், வயசு, கருத்து எதுவும் கிடையாது.

பிடிக்காததும் இருக்கிறது. அவர் குரலில் ஒரு கண்டிப்பு உண்டு. சரியான வத்தல் இல்லையா, செய்யாதே. குறுக்கு வழியா, அது கேவலம். வாசிக்கும்போது சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் விருப்பப்பட்டு, படிப்பதற்காகவும் எழுதுவதற்காகவும் மெனக்கெட்ட ஒருவருடைய கண்டிப்பு அது. தினமும் பத்துப் பேருக்கு ஆக்கிப்போட வேண்டியவள் இப்படிப் பேசியிருப்பாளா?

4

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் ரேச்சல் லாடன் என்ற வரலாற்றாசிரியர். 2001ல் 'கேஸ்ட்ரோனாமிகா' இதழில் அவர் எழுதிய 'எ ப்ளீ ஃபார் கலினரி மாடர்னிசம்' கட்டுரையை உணவைப் பற்றி எழுத நினைக்கிற எல்லோரும் ஒருதடவை வாசித்துவிடலாம். பழைய காலத்துச் சாப்பாடு சுத்தம், சத்து, சுவை என்பதெல்லாம் வயிறு நிறைந்த பிறகு நாம் எழுதிக்கொண்ட கதை என்கிறார். அந்தக் காலத்தில் பெரும்பாலான ஜனங்களுக்குச் சாப்பாடு என்பது பற்றாக்குறையும் முதுகு வலியும்தான். இவரும் மெக்ஸிகோவில் வருஷக்கணக்கில் வாழ்ந்தவர். அதனால் அவர் பேசுவது அறியாமையில் இல்லை.

அங்கே மெத்தாத்தே என்று ஒரு கல் உண்டு. சரிவான அம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் முன் மண்டியிட்டுத்தான் ஊறிய சோளத்தை அரைக்க வேண்டும். விடியுமுன் எழுந்து தினமும் பல மணி நேரம். மாவு மறுநாளைக்கு நிற்காது, புளித்துவிடும். தெபோஸ்ட்லான் என்ற கிராமத்தைப் பற்றி ஆஸ்கர் லூயிஸ் எழுதி 1951ல் வந்த ஆய்வில் ஒரு சம்பவம் வருகிறது. 1920களில் அங்கே மாவு மில் வந்தபோது ஆண்கள் எதிர்த்தார்கள். கல்லில் அரைத்த ருசி வராது என்பதும் காரணம், வேலை மிச்சமானால் பெண்கள் சும்மா திரிவார்கள் என்பதும் காரணம். முதல் மில் நிலைக்கவில்லை. இரண்டாவது மில் நிலைத்தது, பெண்களால்.

இதை வாசித்தபோது எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. காரணம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் 'அம்மாச்சியின் அம்மி மணம்' என்று ஒரு பதிவு போட்டேன். கொத்தமல்லியும் வத்தலும் குழவிக்கடியில் நசுங்கும்போது வரும் வாசனை, மிக்சியில் செத்துப்போன மணம், இத்யாதி. நல்ல லைக்ஸ். ஒருநாள் அம்மா அதை வாசித்துக் காட்ட, அம்மாச்சி கேட்டுவிட்டுச் சொன்னது: "அந்த அம்மிலதான் எந்தோள்பட்டை போச்சு. அத ஏன் எழுதல?"

2011ல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியபோது எங்கள் தெருவில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அதைத் தமிழ் உணவின் வீழ்ச்சி என்று யாராவது எழுதினால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. எங்கள் தெபோஸ்ட்லான் மில் அதுதான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பது தெரியுமா? இயந்திரமும் வட்டாரப் பெருமை ஆகலாம். இட்லி ஒன்றும் செத்துப்போகவில்லை.

5

லாடன் சொல்வது முழுக்கச் சரி என்றால் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது, அங்கே பால்கோவா இருக்கிறது. அதனால் முடியவில்லை.

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பால்கோவா என்பது அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை அடிபிடிக்காமல் வெளியேற்றும் வேலை. பசும்பால், சீனி, விறகடுப்பு, கையில் துடுப்பு. கிண்டுவதை நிறுத்தக் கூடாது. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெக்ஸிகோவில் இதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், செலாயா ஊரின் கஹேத்தா. ஆட்டுப்பாலும் சர்க்கரையும் போட்டு மணிக்கணக்கில் கிண்டி இறக்குவது. நம்முடையது திரள்திரளாக நிற்கும், அவர்களுடையது தேன் மாதிரி ஒழுகும். இரண்டிலும் குறுக்கு வழியில் போனால் நாக்கு கண்டுபிடித்துவிடும். பால்பவுடரில் செய்த கோவாவைத் தின்றவர்களுக்கு நான் சொல்வது தெரியும்.

அடுப்படியில் நின்ற ஒரு அண்ணனிடம் விறகைப் பற்றிக் கேட்டேன். புளியங்கட்டையின் மகிமை பற்றி நாலு வரி கிடைக்கும் என்று ஆசை. அவர் வியர்வையைத் துடைத்துவிட்டு, "மிஷின் நல்லா வந்துச்சுன்னா வாங்கிருவேன் தம்பி. ருசி மாறுச்சுன்னா அப்பப் பாத்துக்கலாம்" என்றார்.

கென்னடி, லாடன் இருவருக்கும் அவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது. பாட்டை அவர் கும்பிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை. ருசியை வைத்துத் தீர்மானிக்கிறார், தீர்மானிக்கிற உரிமை கிண்டுகிற தன்னிடம் இருப்பதாக நினைக்கிறார்.

நம்முடைய உணவு வீடியோக்களிடமும் கட்டுரைகளிடமும் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டும்தான். ஒரு மெனக்கெடலைப் புகழ்வதற்கு முன், அதை எடுத்துவிட்டால் பண்டம் மாறுமா என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பை எடுத்தால் மாறும். வத்தல்களைத் தனித்தனியாக வறுக்காவிட்டால் மாறும். மண்டியிடுவதை எடுத்தால் மாறுமா? ருசியில் கொஞ்சம் மாறலாம். அந்தக் கொஞ்சத்துக்கு யாருடைய தோள்பட்டை என்று கேட்காமல் கேமராவைத் தூக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு நான் அம்மியில் அரைக்கலாம், தப்பே இல்லை. நான்தானே அரைக்கிறேன். அது தினப்படி வேலையாக இருந்தவளிடம் போய் 'அந்தக் கைப்பக்குவம் இப்ப இல்லையே' என்று அங்கலாய்ப்பதுதான் அசிங்கம்.

6

ரொட்டி என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே. முதல் தடவை கிரைண்டரில் அரைத்தேன், ஓட வேண்டும் என்று தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேன். மாவு கூழாகிப்போனது. கென்னடி பார்த்திருந்தால் குப்பையில் கொட்டச் சொல்லியிருப்பார். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒரு கை அரிசி மாவைத் தூவிப் பிசைந்து, வாழையிலையில் அடை மாதிரி தட்டித் தோசைக்கல்லில் போட்டாள். ஓரம் பிய்ந்தாலும் நடுவில் உப்பியது. மழை பெய்த மண் மாதிரி ஒரு வாசனை வந்தது. அது சுண்ணாம்பு வேலை. அரிசி மாவால் அதைக் கெடுக்க முடியவில்லை.

அம்மாச்சி முதலில் தொடவே இல்லை. பிறகு ஒரு துண்டைப் பிய்த்து மோலேயில் தொட்டுத் தின்று முகம் சுளித்தாள். அடுத்த துண்டைப் பூண்டு வத்தல் துவையலில் தொட்டாள். மூன்றாவதை முழுசாகக் கேட்டாள். "இது நல்லாருக்கு. அந்தக் கொழம்பு வேண்டாம், அதுக்குப் பட்ட பாட்டுக்கு ஒரு கெடா வெட்டிருக்கலாம்."

இப்போது மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் சுண்ணாம்புச் சோள ரொட்டி உண்டு. கிரைண்டரில்தான் அரைக்கிறோம், தண்ணீர் அளவு பிடிபட்டுவிட்டது. மோலேயை அதன் பிறகு செய்யவில்லை. சரியான வத்தல் கிடைத்தால் ஒருநாள் நானே செய்வேன், எனக்காக.

இந்தக் கட்டுரையில் கென்னடி மாதிரி பெயர் போடட்டுமா என்று அம்மாச்சியிடம் கேட்டேன். "பேரெல்லாம் வேண்டாம். தோள்பட்டைய மட்டும் எழுது" என்றாள்.