45,007 பேர் யாருக்காக வந்தார்கள்?

2023 ஏப்ரல் 8. சியோல் உலகக் கோப்பை மைதானம். கே லீக் கால்பந்தில் எஃப்.சி. சியோலும் தேகு எஃப்.சி.யும் மோதின. இறுதிப் போட்டி அல்ல. பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டமும் அல்ல. ஆனாலும் வந்தவர்கள் 45,007 பேர். பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வந்த ஒரு பாடகர்தான் அந்தக் கூட்டத்துக்குக் காரணம். பெயர் லிம் யங்-வூங்.

இடைவேளையில் அவர் பாடினார். உடன் ஆடியவர்கள் கால்பந்து பூட்ஸ் அணிந்து களமிறங்கினார்கள், புல்தரை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. லிம்மின் ரசிகர்களுக்கு அடையாள நிறம் வானநீலம். அன்றைய எதிரணியான தேகுவின் நிறமும் அதுவே. உள்ளூர் அணியின் ரசிகர்கள் மனம் நோகக் கூடாதென்று அந்த நிற உடையைத் தவிர்க்கும்படி முன்பே சொல்லப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அதே மைதானத்தில் அவருடைய சொந்தக் கச்சேரி இரண்டு நாள் நடந்தது. ஆடுகளத்தின் மீது ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறவன் என்ற முறையில் இதற்காகவே அவருக்கு ஒரு வணக்கம்.

கொரியாவுக்கு வெளியே கே-பாப் கேட்டு வளர்ந்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் பலரும் யார் அது என்றுதான் கேட்பார்கள். லிம் 2020-இல் ‘மிஸ்டர் ட்ராட்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில் வென்று வந்தவர். அதன் இறுதிச் சுற்றை அந்த நாட்டில் 35 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பார்த்தன. ட்ராட் என்பது அம்மாக்களும் பாட்டிகளும் கேட்கும் பாட்டு என்று இளைஞர்கள் ஒதுக்கிவைத்திருந்த வகை. இரண்டடித் தாளம், குரலை மடக்கி ஒடித்துப் பாடும் முறை, பிரிவும் ஏக்கமும் நிறைந்த வரிகள். ஏற்றுமதியாகும் கொரிய இசை வேறு. கொரியர்கள் மைதானம் நிறையப் போய்க் கேட்கும் இசை வேறு. இந்த இடைவெளியை வெளிநாட்டு ரசிகர் எப்படித் தாண்டுவது என்பதே என் கேள்வி.

பட்டியல் போட்டுத் தாண்ட முடியாது. ‘அவசியம் கேட்க வேண்டிய 50 கொரியப் பாடல்கள்’ என்று யாராவது அனுப்பினால் மூன்றாவது பாட்டிலேயே கை தளர்ந்துவிடும். கே-பாப்பை மட்டம் தட்டி, “இதோ அசல் இசை” என்று வேறொன்றை நீட்டுவது இன்னும் மோசம். ஒருவர் ஏற்கெனவே நேசிக்கும் பாட்டிலிருந்து பின்னோக்கி ஒரு நூல் போகிறதா என்று பார்த்து, அதன் மறுமுனையைக் கையில் கொடுக்க வேண்டும். கொரியக் கலைஞர்கள் இந்த வேலையை நமக்குச் சுலபமாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஐயூவை எடுத்துக்கொள்வோம். உச்சத்தில் இருந்த இளம் பாடகி 2014-இல் ஒரு ஆல்பம் முழுக்கப் பழைய பாடல்களையே பாடினார். அதில் ஒரு பாட்டில் அவரோடு சேர்ந்து ஒலிக்கும் ஆண்குரல் கிம் சாங்-வானுடையது. பாட்டும் அவருடையதே, 1984-இல் ‘சான் உல்லிம்’ என்ற தன் இசைக்குழுவுக்காகச் செய்தது. அந்தக் குரலைக் கவனியுங்கள். அலங்காரம் கிடையாது, சாதித்துக் காட்டும் அவசரமும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் நிதானம். ஐயூவும் தன் குரலை அந்த அளவுக்கு இறக்கிக்கொண்டு உடன் நடக்கிறார். திறமையான பாடகி எங்கே அடங்க வேண்டும் என்று தெரிந்து அடங்கியது அந்த ஆல்பத்தின் பெரிய வெற்றி.

அங்கிருந்து சான் உல்லிம் குழுவுக்குப் போகலாம். உடன்பிறந்த மூன்று சகோதரர்கள் 1977-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார்கள். முரட்டு கிடார், குழந்தைத்தனமான பாட்டு. அவர்கள் வந்த நேரத்தில் களம் ஏறக்குறைய காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டால் ஷின் ஜுங்-ஹியூனின் கதைக்கு வந்துவிடுவோம்.

ஷின் அமெரிக்கப் படை முகாம்களில் கிடார் வாசித்துத் தேர்ந்தவர். கொரிய ராக் இசையின் தந்தை என்று சொல்லப்படுபவர். அதிபர் பார்க் சுங்-ஹீயைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதும்படி மேலிடத்திலிருந்து கேட்டபோது மறுத்தார். அதற்குப் பதிலாக நாட்டின் மலைகளையும் ஆறுகளையும் பாடினார். 1975-இல் போதைப்பொருள் வழக்கில் கைதானார். பாடல்களுக்குத் தடை, மேடைக்குத் தடை. பார்க் 1979-இல் கொல்லப்பட்ட பிறகே அவரால் திரும்பி வர முடிந்தது. 1974-இல் வந்த அவருடைய ‘மியின்’ பாட்டின் தொடக்க கிடார் வரி ஒருமுறை கேட்டால் மறக்காது. ராக் ரசிகரிடம் வேறு விளக்கம் எதுவும் வேண்டாம், அந்த முதல் சில நொடிகளைப் போட்டுக் காட்டினால் போதும்.

1975-இன் தடைப்பட்டியலில் இன்னொரு பாட்டும் இருந்தது: கிம் மின்-கி எழுத, யாங் ஹீ-உன் 1971-இல் பாடிய ‘அச்சிம் இசுல்’. ஒரு கிடார், ஒரு பெண்குரல், விடியற்காலைப் பனித்துளி பற்றிய வரிகள். கோபமும் இல்லை, முழக்கமும் இல்லை. அதைத்தான் 1987 ஜனநாயகப் போராட்டத்தில் தெருக்களில் பெருங்கூட்டம் பாடியது. கிம் மின்-கி 2024 ஜூலையில் காலமானார். பிற்காலத்தில் அவர் சிறிய நாடக அரங்கு ஒன்றை நடத்தி, இளம் நடிகர்களையும் பாடகர்களையும் வளர்த்தார். ஐயூ 2017-இல் தம் இரண்டாவது பழைய பாடல் தொகுப்பில் யாங் ஹீ-உன்னின் வேறொரு பாட்டைப் பாடியிருக்கிறார். ஆகவே இந்த நூலும் அதே கையிலிருந்து தொடங்குகிறது.

பி.டி.எஸ். ரசிகருக்கு வேறு நூல்கள் உண்டு. அவர்களை உருவாக்கிய பாங் ஷி-ஹ்யுக் 1990-களில் யூ ஜே-ஹா பெயரிலான பாடல் போட்டியில் பரிசு பெற்று வந்தவர். யூ ஜே-ஹா 1987 ஆகஸ்டில் ஒரே ஒரு ஆல்பம் வெளியிட்டு, அதே ஆண்டு நவம்பர் 1-இல் 25 வயதில் சாலை விபத்தில் இறந்தார். எழுத்து, மெட்டு, இசையமைப்பு எல்லாம் அவரே. இன்றைய கொரிய மெலடிப் பாடல்கள் நடக்கும் வழியை அந்த ஒரே தட்டுதான் வெட்டிக்கொடுத்தது என்பது என் தீர்மானமான கருத்து.

பி.டி.எஸ். குழுவின் சுகா 2020-இல் ‘தேச்விதா’ என்ற ராப் பாட்டை வெளியிட்டார். அரசர் பவனிக்கு முன்னால் வாசிக்கும் படைவாத்திய இசையின் பெயர் அது. சீவாளி வைத்து ஊதும் தேப்யோங்சோவும் வெண்கலத் தாளக் கருவிகளும் அந்தப் பாட்டில் கேட்கும். பி.டி.எஸ். 2018-இல் வெளியிட்ட ‘ஐடல்’ பாட்டில் ஊடே வரும் உற்சாகக் குரல்கள் பாரம்பரிய மேடையிலிருந்து வந்தவை. பன்சோரி என்னும் கதைப்பாட்டில் முரசுக்காரரும் பார்வையாளர்களும் பாடகரைத் தூக்கிவிட எழுப்பும் குரல்கள் அவை. அந்த இரண்டு நொடிக் குரலைப் பிடித்துக்கொண்டு பன்சோரிக்குப் போகலாம்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பன்சோரி மேடையில் இரண்டே பேர். கையில் விசிறியோடு நின்று பாடுபவர் ஒருவர். தரையில் அமர்ந்து முரசு கொட்டுபவர் ஒருவர். பாட்டு, வசனம், அபிநயம் மூன்றையும் அந்த ஒரே பாடகர் சுமக்கிறார். முழுக் கதையும் பாடப் பல மணி நேரம் ஆகும். இன்று எஞ்சி நிற்கும் கதைகள் ஐந்து. குரல் வழவழப்பாக இருந்தால் இங்கே மதிப்பில்லை. வருடக்கணக்கில் கத்திப் பழகி, கரகரத்து, கீறல் விழுந்த குரல்தான் தேர்ந்த குரல். முதல்முறை கேட்பவருக்கு அது வலிக்கிற மாதிரி இருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் அந்தக் கீறல் வழியாகத்தான் துக்கம் வெளியே வருகிறது என்பது பிடிபடும்.

அந்த ஐந்தில் ஒன்றான ‘சுகுங்கா’ நமக்குத் தெரிந்த கதை. நோயுற்ற கடலரசனுக்கு மருந்தாக முயலின் ஈரல் வேண்டும். ஆமை போய் முயலை ஏமாற்றி அழைத்து வருகிறது. ஈரலை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி முயல் தப்பிக்கிறது. நம் குரங்கு–முதலை கதையேதான். ஜாதகக் கதைகளின் வழியே இந்தியாவிலிருந்து போனது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கரையேறிய ஆமை முயலைக் கூப்பிடப் போய், தாடை மரத்து நாக்குக் குழற, புலியைக் கூப்பிட்டுவிடுகிறது. மலையிலிருந்து புலி இறங்கி வருகிறது.

அந்தக் கட்டத்தை ‘லீநல்ச்சி’ என்ற குழு 2020-இல் நடனப் பாட்டாக்கியது. கொரியச் சுற்றுலாத் துறையின் விளம்பரப் படத்தில் ‘ஆம்பிகுவஸ்’ நடனக் குழுவினர் விசித்திர உடைகளில் அதற்கு ஆட, உலகம் முழுக்கப் பரவியது. குழுவின் அமைப்பே புதுமை: பேஸ் கிடார் இரண்டு, டிரம்ஸ் ஒன்று, பன்சோரி பயின்ற குரல்கள் நான்கு. வேறு கிடார் இல்லை, கீபோர்டு இல்லை. மூலத்தில் முரசு செய்த வேலையை பேஸ் கிடார்கள் எடுத்துக்கொள்ள, குரல்களுக்கு வேண்டிய இடம் அப்படியே கிடைக்கிறது.

ஆனால் தாளத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பாரம்பரிய முறையில் இந்தக் கட்டம் 10 எண்ணிக்கையில், 3-2-3-2 என்று போகும். கண்ட சாபு போட்டுப் பழகிய கை இதை உடனே பிடித்துக்கொள்ளும். அந்தச் சமனில்லாத நடையில்தான் புலியின் நடை இருக்கிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாத பயம் இருக்கிறது. லீநல்ச்சி அதை நாலு எண்ணிக்கைக்குள் கொண்டுவந்து ஆடவைக்கிறது. ஆட்டம் பிரமாதம், பயம் போய்விட்டது. அதனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்வேன், லீநல்ச்சியை முதலில், மூலத்தைப் பிறகு.

மெட்டல், போஸ்ட்-ராக் கேட்பவர்களுக்கு என் பரிந்துரை ஜம்பினாய். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் எக்ஸோவும் சி.எல்.லும் பாடிய அதே மேடையில் வாசித்த குழு. சிம் உன்-யோங் முன்னால் இருப்பது ஆறு தந்தி கொமுங்கோ. மூங்கில் குச்சியால் தந்தியை அடிக்கும்போது குச்சி பலகையிலும் மோதும்; சுரமும் அடியும் ஒன்றாக வரும். அதன் மேல் இரண்டு தந்தி ஹேகம் நீளமாக அழ, லீ இல்-வூவின் கிடார் இடியாக இறங்குகிறது. பழைய கருவிகளை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் கலப்பிசை எனக்குப் பிடிக்காது. இங்கே கொமுங்கோதான் முன்னால் நின்று இழுக்கிறது. 2016-இல் வந்த ‘எ ஹெர்மிட்டேஜ்’ ஆல்பத்தில் தொடங்கலாம்.

ஜம்பினாய் கலைஞர்கள் படித்த கொரிய தேசியக் கலைப் பல்கலைக்கழகம்தான் இம் யுன்-சான் என்ற பியானோ கலைஞரையும் தந்தது. 2022 ஜூனில் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் வான் கிளைபர்ன் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 18. அந்தப் போட்டியின் வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் வென்றதில்லை. இறுதிச் சுற்றில் அவர் வாசித்த ராக்மனினோவின் மூன்றாவது கான்செர்ட்டோ காணொளியாகக் கிடைக்கிறது. பதற்றமான ஆட்டத்தை ரசிப்பவர்களுக்கு அது போதும்.

ட்ராட்டுக்குத் திரும்புகிறேன், அதுதான் வெளிநாட்டவர் கடைசியில் வந்து சேரும் இடம். லீ மி-ஜாவின் 1964 பாட்டு ‘தோங்பேக் ஆகாஸி’ ஜப்பானிய வாடை அடிக்கிறதென்று தடை செய்யப்பட்டு, 1987-இல்தான் விடுதலை பெற்றது. அதற்கும் முன்னால், ஜப்பானியர் ஆட்சியில் 1935-இல் வந்தது லீ நான்-யங் பாடிய ‘மோக்போவின் கண்ணீர்’. அவருடைய இரு மகள்களும் உறவுப் பெண் ஒருத்தியும் சேர்ந்த ‘கிம் சிஸ்டர்ஸ்’ 1959-இல் லாஸ் வேகஸ் போனார்கள். எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பலமுறை தோன்றினார்கள். பிளாக்பிங்க் ரசிகருக்கு நான் கொடுக்கும் நூல் இது. மூன்று இளம் பெண்கள் தெரியாத மொழியில் பாடியும், கைக்குக் கிடைத்த வாத்தியங்களையெல்லாம் வாசித்தும் அமெரிக்க மேடையை வென்றது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அவர்களிடமிருந்து அம்மாவிடம் போனால் ட்ராட்டின் வேர் கிடைத்துவிடும்.

எந்த நூலும் இல்லாதவருக்கு என்ன செய்வது? பியோங்சாங் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் ‘இமாஜின்’ பாட்டை நான்கு பேர் பாடினார்கள். 1985-இல் முதல் ஆல்பம் தந்த ‘தெல்குக்வா’ குழுவின் ஜோன் இன்-குவோன், லீ உன்-மி, ‘குக்கஸ்டன்’ குழுவின் ஹா ஹியூன்-வூ, இளம் பாடகி ஆன் ஜி-யங். உடைந்த குரல், கனத்த குரல், வானத்துக்கு ஏறும் குரல், மெல்லிய குரல். அதைக் காட்டி, யார் குரல் பிடித்தது என்று மட்டும் கேளுங்கள். பதிலில் அடுத்த ஆல்பம் இருக்கிறது.

புதியவர்களைத் தேடுகிறவர்களுக்குக் கொரிய இசை விருதுகளின் பரிந்துரைப் பட்டியல் நம்பகமானது. 2004-இல் தொடங்கிய இந்த விருதுகளில் விற்பனைக்கு இடமில்லை. விமர்சகர்கள் கூடித் தேர்வு செய்கிறார்கள். 2017-இல் சிறந்த நாட்டார் பாணிப் பாடலுக்கான விருதை வாங்கிய லீ லாங், விருதைவிடப் பணம் தனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று சொல்லி, அந்தக் கோப்பையை மேடையிலேயே ஏலம் விட்டார். தன் ஒரு மாத வீட்டு வாடகையான 5 லட்சம் வான் கேட்டார். அரங்கிலிருந்த ஒருவர் அந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். மைதானங்களை நிரப்பும் நாட்டில்தான் இதுவும் நடந்தது. ஆகவே இந்தப் பெயர்களில் ஒன்று உங்களுக்குப் பிடித்துப்போனால், இலவசமாகக் கேட்பதோடு நிறுத்தாமல், அந்தக் கலைஞரின் ஒரு ஆல்பத்தையாவது காசு கொடுத்து வாங்குங்கள்.