கழற்ற முடியுமா?

கம்ப்யூட்டர் விமர்சனம் எழுதுகிறவர்கள் பிராஸஸர் வேகம், திரையின் பளபளப்பு எல்லாவற்றையும் அளந்துவிட்டு, டிஸ்க் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் பெண்ணின் கல்யாண போட்டோக்கள் பிழைக்குமா என்பது அந்த வரியில்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளில் பெட்டியைத் திறந்தவர்களுக்கு ஞாபகமிருக்கும், ரிப்பன் மாதிரி அகலமான சாம்பல் நிற கேபிள். 40 பின். இரண்டு டிஸ்க் மாட்டினால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று குட்டி ஜம்பர் செருகிச் சொல்ல வேண்டும். 16 பிட்கள் 16 கம்பிகளில் பக்கம்பக்கமாக ஓடும். வேகம் கூடக்கூட அவை ஒன்றாக வந்து சேராமல் முன்னே பின்னே ஆகும். கடைசி ஆள் வரும்வரை பஸ் கிளம்பாத டூர் கோஷ்டி கதைதான். விநாடிக்கு 133 மெகாபைட்டில் மூச்சு வாங்கிவிட்டது.

2003-ல் வந்த ஸாட்டா, கூட்டத்தைக் கலைத்து பிட்களை ஒவ்வொன்றாக அனுப்பியது. 7 பின், ஒல்லி கேபிள். எடுத்த எடுப்பில் 150 மெகாபைட், பிற்பாடு 600. 'எல்' வடிவ முனையை யாராலும் தலைகீழாகச் செருக முடியாது. மதர்போர்டு மண்டையைப் போட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், பூட்டு எதுவும் போடாதிருந்தால், ஃபைல்கள் வந்துவிடும். யாரும் பாராட்டாத அருமையான டிசைன்!

இப்போது சூயிங்கம் பட்டை சைஸில் எம்.2 டிஸ்க். என்விஎம்இ ரகம் விநாடிக்குப் பல ஆயிரம் மெகாபைட் பறக்கிறது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வடிவத்தில் ஸாட்டா ரகமும் உண்டு. பல சமயம் துளையில் சமர்த்தாக உட்காரும், வேலை மட்டும் செய்யாது. பெட்டி மேல் பொடி எழுத்தைப் படிக்காதவர் பாடு திண்டாட்டம்.

இதாவது மாற்றி வாங்கினால் சரியாகிவிடும். ஆப்பிளின் 2020 எம்1 மேக்புக் ஏரில் கழற்ற டிஸ்க்கே கிடையாது. சில்லுகளை போர்டோடு பற்றவைத்துவிட்டார்கள், தகவலும் பிராஸஸரோடு சேர்த்துப் பூட்டப்பட்டது. போர்டு போனால் போட்டோவும் போச்சு. சில எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளில் யுஎஸ்பி முனையே டிஸ்க்கின் போர்டில் இருக்கும். உள்ளே ஸாட்டா இருக்கும் என்று உடைத்துப் பார்ப்பவருக்கு ஏமாற்றம்தான். ஒல்லியாக இருக்கிறது என்று நாம் மெச்சுவதற்கு இதுதான் விலை. அதைப் பெட்டியில் போடுவதில்லை.

அடுத்த தடவை கடையில் "இதைக் கழற்ற முடியுமா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு ஸார்?" என்று சிரித்தால், பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க்கையும் சேர்த்து பில் போடச் சொல்லுங்கள்.