மலமும் சாட்சி சொல்லும்: சிசுச் சோதனையும் நிற அதிகாரமும்

'சோதனை' என்கிற சொல்லைத் தமிழில் மூன்று விதமாகப் புழங்குகிறோம். ரத்தத்தைப் பார்ப்பதும் சோதனை. போலீஸ் வீடு புகுந்து அலமாரியைக் கலைப்பதும் சோதனை. 'ஆண்டவன் சோதிக்கிறான்' என்று புலம்புவதும் அதுதான். அமெரிக்க மருத்துவமனையில் பிள்ளை பெறும் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு இந்த மூன்றும் ஒரே படுக்கையில் நிகழ்ந்துவிடக்கூடும்.

பிறந்த சிசுவின் சிறுநீர், அது முதன்முதலில் கழிக்கும் கரும்பச்சை மலம், தொப்புள்கொடித் துண்டு இவற்றை எடுத்துப் போதைப்பொருள் தடயம் தேடுகிறார்கள். அந்த மலம் கர்ப்பத்தின் பிற்பாதியில் சேர்ந்தது. ஆக, அதில் வாசிக்கப்படுவது தாயின் வாழ்க்கை. தாயிடம் கேட்டால் மாட்டேன் என்று சொல்லலாம். சிசு என்ன சொல்லும்? முடிவு குழந்தைநல அதிகாரிகளுக்குப் போகிறது. பிள்ளையைப் பிரிப்பது வரைக்கும் அது நீளலாம்.

'கொழந்த நல்லதுக்குத்தான பாக்குறாங்க, இதுல நெறம் எங்க வந்துச்சு?' என்று கேட்கலாம். ஃபுளோரிடாவின் பினெல்லாஸ் பகுதியில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. தடயம் இருந்தது வெள்ளையரில் 15.4 சதவீதம், கறுப்பினத்தாரில் 14.1 சதவீதம். ஆனால் அதிகாரிகளிடம் புகார் செய்யப்பட்ட வீதமோ கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழப் பத்து மடங்கு. 1989இல் சார்ல்ஸ்டன் நகரின் அரசு மருத்துவமனை ஒன்று போலீசோடு கைகோத்தது. கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். டொரோத்தி ராபர்ட்ஸ் 1997இல் எழுதிய நூல் இதையெல்லாம் அடிமைமுறைக் காலத்திலிருந்து தொடரும் கறுப்புத் தாய்மை மீதான ஆதிக்கத்தோடு வைத்துப் படிக்கிறது. சம்மதமில்லாமல் போலீசுக்காகச் செய்யும் சோதனை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸ் வாசல் அடைபட்டது. குழந்தைநல வாசல் திறந்தே இருக்கிறது.

இப்போது எந்த மருத்துவமனையும் 'கறுப்பினத்தவளைச் சோதி' என்று விதி எழுதுவதில்லை. 'தாமதமாகச் சிகிச்சைக்கு வந்தவள்', 'ஒழுங்காக வராதவள்' என்று எழுதுகிறது. பஸ் இல்லாதவள், லீவு கிடைக்காதவள், இன்ஷூரன்ஸ் இல்லாதவள், புகாருக்குப் பயந்து ஒதுங்கியவள் எல்லோரும் இதில் அடக்கம். நிறத்தின் பெயரை உச்சரிக்காமலே நிறத்தைச் சுட்டும் மொழி இது. பயத்தை உண்டாக்கிவிட்டு, அந்தப் பயத்தையே தடயமாக்கும் தந்திரமும்கூட.

விஞ்ஞானம் பொய் சொல்லாது என்பார்கள். கசகசா சாப்பிட்டவளுக்கும் அபின் தடயம் வரும். பிரசவ வலிக்கு மருத்துவமனையே ஏற்றிய ஃபென்டனில் சிசுவின் சோதனையில் தெரியக்கூடும். தடயம் மெய்யாகவே இருந்தாலும், அவள் பிள்ளையை எப்படி வளர்ப்பாள் என்பதை மலம் சொல்லாது.

இங்கேதான் குடும்ப மருத்துவம் முக்கியமாகிறது. மகப்பேறு மருத்துவர் தாயையும், குழந்தை மருத்துவர் சிசுவையும் பங்கு போட்டுக்கொண்டதில் தாயின் சம்மதம் இடைவெளியில் விழுந்து தொலைகிறது. இருவரையும் ஒருசேரப் பார்க்கும் குடும்ப மருத்துவர் 'இது வேறு உடல்' என்று தப்பிக்க முடியாது. எல்லாப் பெண்களிடமும் கர்ப்பகாலத்திலேயே ஒரே கேள்விகளை வாயால் கேட்கலாம். சிகிச்சையை மாற்றாத சோதனையை விட்டுவிடலாம். யாருக்குச் சோதனை எழுதினோம் என்று நிறவாரியாகத் தன் கையையே கணக்கெடுக்கலாம். நியூயார்க் நகரப் பொது மருத்துவமனைகள் 2020இலும், பாஸ்டனின் மாஸ் ஜெனரல் பிரிகாம் 2024இலும் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்று விதியை மாற்றின. சிசுவைச் சோதித்தே ஆகவேண்டும் என்று மத்திய சட்டமும் சொல்லவில்லை.

ஆனால் குடும்ப மருத்துவரைப் புனிதராக்க வேண்டாம். ஃபூக்கோ காட்டிய மேய்ப்பனின் அதிகாரம் கனிவாகத்தான் பேசும். 'எங்கிட்ட சொல்லும்மா' என்று கேட்டு வாங்கியதை ஃபைலில் எழுதுவதும் அதே கைதான். புகார் செய்யும் சட்டக் கடமை அவருக்கும் உண்டு. மறுக்கிறவளைச் சந்தேகிக்கும் இடத்தில் சம்மதப் படிவம் வெறும் காகிதம். சோதனை முடிவுக்கும் புகாருக்கும் இடையிலான கயிற்றை அறுக்காமல் கனிவைப் பற்றிப் பேசுவது வீண். அதை அறுக்கச் சொல்லி மருத்துவர்கள் தங்கள் சங்கங்களுக்குள்ளேயே சண்டை போடுவார்களா? அந்தத் தாய்மார்கள் அவர்களை நம்பலாமா என்பது அதைப் பொறுத்தது.