கோட்டையும் வள்ளமும்: கற்பிட்டிக் கரை பற்றிய ஒரு நோக்கு

கற்பிட்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒல்லாந்தர் கோட்டையிலிருந்தே தொடங்குவர். போர்த்துக்கேயர் முன்னர் நிலைகொண்டிருந்த இடத்தில் 1667க்கும் 1676க்கும் இடையில் எழுப்பப்பட்ட அக்கோட்டை, புத்தளக் களப்பின் வாயிலைக் காவல்செய்து, கண்டி இராச்சியத்தின் கடல்வாணிபத்தைக் கட்டுப்படுத்தியது. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இவை யாவும் உண்மையே. ஆயின், இவ்வரலாறு முழுமையானதா என்பதே ஈண்டு எழும் வினா.

கோட்டைச் சுவர் முருகைக்கல்லாலானது. மணற்பாங்கான அக்குடாநாட்டில் அத்தகைய கட்டடமொன்று எழவேண்டுமாயின், கல்லும் மரமும் பெரும்பாலும் நீர்வழியாகவே வந்திருத்தல் வேண்டும். கோட்டை கண்காணித்ததும் தோணிகளின் போக்குவரத்தையே. எனினும், கோட்டை கட்டிய ஆண்டுகளைக் கூறும் நூல்கள், மரக்கலம் கட்டிய ஓடாவியரைப் பற்றிப் பேசுவது அரிது.

தொன்மை பற்றிய எமது அளவுகோலும் இக்குறைபாட்டிற்கு ஒரு காரணமாகும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்த நாளாகிய 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாகக் கொண்டது. கட்டடத்துக்கு இது பொருந்தலாம்; வள்ளத்துக்குப் பொருந்தாது. உப்புநீரும் வெயிலும் அரிக்கும் மரம் நூற்றாண்டுகள் நிலைப்பதில்லை. தலைமுறைதோறும் புதிதாகக் கட்டப்படுவதனாலேயே வள்ளத்தின் மரபு வாழ்கின்றது. கண்ணாடியிழைப் படகுகள் பரவியபின் அவ்வாறு கட்டும் தேவை அருகிவிட்டது. இதற்காக மீனவரைக் குறைகூறுதல் தகாது. இலேசானதும் பராமரிக்க எளியதுமான கலத்தை நாடுவது பிழைப்பின் நியாயம். தொழில் ஓயுமுன் அதன் அறிவைக் குறித்துவையாத குற்றம் கற்றோராகிய எம்மையே சாரும்.

இதற்கு முன்மாதிரியை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) 1834இல் இலங்கை பற்றிய விவரத்திரட்டு ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலில் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்தார். சிதறிக்கிடந்த செய்திகளை ஒருவர் முயன்று சேர்த்தமையாலேயே, பின்வந்த இலக்கிய வரலாற்றாசிரியர்க்கு அது துணைநூலாயிற்று.

அவர் பிறந்த கரையின் ஓடாவியர்க்கும் அத்தகைய நூலொன்று வேண்டும். மரம் தெரியும் வகை, அளவு முறை, பலகை பொருத்தும் விதம், ஒவ்வோர் உறுப்புக்கும் வழங்கும் பெயர் என்பவற்றை, அத்தொழிலறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டெழுதுதல் தமிழ் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கோட்டையை அடுத்த தலைமுறையும் ஆராயலாம். இப்பணியை அதுவரை ஒத்திவைக்க இயலாது.