ஜூல் கணக்கும் குண்டின் இயல்பும்

விலங்கின் உடலளவுக்கேற்ற குண்டு எது என்பதை வேட்டைக்காரரின் விருப்பத்திற்கு விட்டுவிடாமல் சட்டத்தால் வரையறுத்த நாடுகளுள் ஜெர்மனியும் ஒன்று. அந்நாட்டுக் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின்படி, 100 மீட்டர் தொலைவில் குண்டு கொண்டிருக்கும் இயக்க ஆற்றல், ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள ரோ மானுக்கு 1000 ஜூலுக்கும், செம்மான், காட்டுப்பன்றி முதலிய பிற குளம்பு விலங்குகளுக்கு 2000 ஜூலுக்கும் குறையலாகாது. பின்னவற்றுக்குக் குண்டின் விட்டமும் 6.5 மில்லிமீட்டராவது இருத்தல் வேண்டும். வலுவற்ற குண்டால் காயமுற்றுப் புதருக்குள் ஓடி, நாட்கணக்கில் வதைபட்டு மடியும் விலங்குகளைக் கருதினால் இத்தகைய கீழ்வரம்பு தேவையானதே. தோட்டாவின் விவரப் பட்டியலைக் கொண்டே சரிபார்க்கத்தக்கது என்பதும் அதன் சிறப்பு.

ஆயினும், ஆற்றல் என்பது குண்டு சுமந்து வருவதை அளக்கிறதேயன்றி, உடலுக்குள் அது செய்வதை அளப்பதில்லை. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காவதால், எடை குறைந்த விரைவான குண்டு ஜூல் கணக்கில் எளிதில் தேறிவிடுகிறது. ஆனால் மென்மையான உறையுடைய அத்தகைய குண்டு பன்றியின் தோள் எலும்பில் மோதிச் சிதறி, நுரையீரலை எட்டாமலே நின்றுவிடக்கூடும். இதற்கு நேர்மாறான சான்று, ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற டபிள்யூ. டி. எம். பெல். அவற்றுள் பெரும்பாலானவற்றை அவர் வீழ்த்தியது 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால்தான். உலோக உறை முழுமையாக மூடிய, விட்டத்தை நோக்க நீளமும் எடையும் மிகுந்த அக்குண்டு, விரியாமல் நேரே ஊடுருவி மூளையை எட்டியது. யானையின் மண்டையோட்டமைப்பைத் துருவி ஆராய்ந்த அவருடைய குறிபார்க்கும் திறனைப் பொதுவிதியாக்க இயலாது என்பது வேறு செய்தி. அத்திறன் வாய்க்காதவர்களுக்காகவே கீழ்வரம்பு இருக்கிறது.

ஈயத்தை விலக்கும் போக்கு ஜூல் கணக்கின் குறையை மேலும் வெளிப்படுத்துகிறது. ஈயத்துகள்கள் இறைச்சியில் பரவுவதாலும், வேட்டைக் கழிவைத் தின்னும் வெண்வால் கழுகுகள் நஞ்சேறி இறப்பதாலும், ஜெர்மனியின் பல மாநிலங்கள் செம்புக் குண்டுகளுக்கு மாறின. ஈயத்தைவிட அடர்த்தி குறைந்ததும் கடினமானதுமான செம்பு, போதிய வேகம் இருந்தால் மட்டுமே முனை மலர்ந்து விரிகிறது. வேகம் தளர்ந்த தொலைவில் ஒல்லியான துளையிட்டு வெளியேறிவிடுகிறது. ஆகவே, ஒவ்வொரு குண்டும் விரிவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகத்தையும் ஜூல் வரம்போடு சேர்த்துச் சட்டம் கேட்க வேண்டும்.